பாலிசி போடுவது விசுவாசக் குறைச்சலா? தம்பிக்காக நாலு வழிகளையும் பார்த்தேன்

தூத்துக்குடியில் இருக்கும் சித்தி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தான். ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. "அண்ணே, ஒண்ணு கேக்கணும். இன்சூரன்ஸ் போட்டா ஆண்டவர நம்பலன்னு ஆயிருமா?"

அவனுக்கு வயது 34. தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு வருவது மாதம் 45,000 ரூபாய். வீட்டுக் கடன் இன்னும் 28 லட்சம் பாக்கி இருக்கிறது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, இளையவனுக்கு இரண்டு வயது. சித்தப்பா தவறி ஒன்பது வருஷம் ஆகிறது, சித்தியும் இவர்களோடுதான் இருக்கிறார். இவன் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன், மனைவி பெந்தெகொஸ்தே குடும்பத்துப் பெண். பாலிசி பேச்சை எடுத்தாலே மாமியார், "விசுவாசிக்கு எதுக்கு அது? சாவைக் கூப்பிட்டு வீட்டுல உட்கார வைக்கிற மாதிரி" என்கிறாராம். மனைவிக்கும் மனசு ஒப்பவில்லை.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அவன் சம்மதத்தோடு அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். இதே கேள்வியோடு இருக்கும் பல பேரை எங்கள் சபையிலேயே எனக்குத் தெரியும். என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் கட்டாயம் பாலிசி எடுக்க வேண்டும். ஆனால் எல்லாப் பாலிசியும் ஒன்றல்ல. வேதம் நம்மை எச்சரிக்கிற சங்கதி ஒருவகைப் பாலிசிக்கு நன்றாகவே பொருந்தும், இன்னொரு வகைக்குப் பொருந்தவே பொருந்தாது.

எல்லாரும் காட்டும் வசனத்தில் இருந்து தொடங்குகிறேன். "ஆகையால், நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள், நாளையத்தினம் தன்னுடையவைகளுக்காகக் கவலைப்படும்" என்று மத்தேயு 6:34 சொல்கிறது. சரி. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, 25ஆம் வசனத்தில், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்: என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம் என்று "உங்கள் ஜீவனுக்காகவும்", என்னத்தை உடுப்போம் என்று "உங்கள் சரீரத்துக்காகவும்". என் சாப்பாடு, என் துணிமணி. ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் நான் ஒருவேளைச் சோறுகூடச் சாப்பிடப் போவதில்லை. அது வரும்போது நான் கல்லறைத் தோட்டத்தில் இருப்பேன். அந்தச் சோற்றை உண்ணப்போவது என் மனைவியும் பிள்ளைகளும். அவர்களைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், தொனியே வேறு. "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்" (1 தீமோத்தேயு 5:8). விசாரிப்பது என்றால் இங்கே பராமரிப்பது. விதவைகளைப் பற்றிப் பேசும் அதிகாரத்தின் நடுவில் வரும் வசனம் இது.

என்னை உலுக்குகிற பகுதி இன்னொன்று, 2 இராஜாக்கள் நாலாம் அதிகாரம். தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன் செத்துப்போகிறான். அவன் மனைவி எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து, என் புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்பது உமக்கே தெரியும், இப்போது கடன் கொடுத்தவன் என் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான் என்று அழுகிறாள். செத்தவனின் பக்தியில் ஒரு குறையும் இல்லை. கடன் மட்டும் இருந்தது. வாசலில் கடன்காரன் நின்றபோது புருஷனுடைய பக்தி அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

அதற்கப்புறம் அவள் வீட்டில் மிச்சமிருந்த ஒரு குடம் எண்ணெய் பெருகிய அற்புதம் நடந்தது, உண்மைதான். ஆனால் அந்த அற்புதம் விதவைமேல் ஆண்டவர் வைத்த இரக்கம். புருஷன் உயிரோடு இருந்தபோது அதை எதிர்பார்த்து எந்தத் திட்டமும் போட்டிருக்க முடியாது. எலிசா கடைசியில் சொல்வதையும் கவனிக்க வேண்டும்: எண்ணெயை விற்று உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். முதலில் கடன், அப்புறம் ஜீவனம். எவ்வளவு தொகைக்குப் பாலிசி எடுப்பது என்று தம்பி கேட்டபோது இந்த வரிசையில்தான் கணக்குப் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மற்ற ஆட்சேபங்களுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. காப்பீடு சூதாட்டம் என்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படியும் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முன்பின் தெரியாத பெரிய மனிதர்களின் உயிர்மேல் பாலிசி எடுத்து, அவர்கள் எப்போது சாவார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். அதை நிறுத்தத்தான் 1774இல் அங்கே சட்டம் வந்தது. யாருடைய சாவினால் நமக்கு உண்மையான நஷ்டம் உண்டோ அவர் பேரில் மட்டுமே பாலிசி எடுக்கலாம் என்று ஆனது. நம் நாட்டிலும் பந்தய ஒப்பந்தம் செல்லாது. சூதாடுகிறவன் ஜெயிக்க ஆசைப்படுவான். பாலிசி போட்டவன் எவனும் அந்தப் பணம் சீக்கிரம் வரவேண்டும் என்று ஜெபிப்பதில்லை. வட்டி வருகிறதே என்பவர்கள் வங்கியில் வைப்புத்தொகை வைத்திருக்கிறார்கள், அந்த வாதத்தை அங்கேயே விட்டுவிடலாம். எல்ஐசியின் முத்திரையில் கீதை வாசகம் இருக்கிறதே என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். ஆமாம், "யோகக்ஷேமம் வஹாம்யஹம்" என்பது கீதை 9:22இல் வருவது, உன் நலத்தை நான் சுமக்கிறேன் என்று பொருள். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்று பாடுகிற நமக்கு அந்தச் சொல் உறுத்தினால் புரிந்துகொள்கிறேன். ஆனால் நாம் கையெழுத்துப் போடுவது ஒப்பந்தத்தில், முத்திரைக்கு வணக்கம் செலுத்துவதில்லை. அப்படியும் மனம் ஒப்பாதவருக்கு வேறு கம்பெனிகள் இருக்கின்றன.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வரும் என்பது நம் ஊரில் எல்லா மதத்து வீட்டிலும் உள்ள பயம். அதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, அது சகுன பயம்தான். துக்க வீட்டில் நாம் வாசிக்கும் 90ஆம் சங்கீதம், "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்று கேட்கிறது. நாட்களை எண்ணச் சொல்கிற வேதம், எண்ணினால் குறைந்துபோகும் என்று எங்கும் சொல்லவில்லை.

இனி வழிகளைப் பார்ப்போம்.

ஒன்று, எதுவும் எடுக்காமல் ஆண்டவரை நம்பி இருந்துவிடுவது. இதைக் கேலியாகப் பார்க்க என்னால் முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் 1830இலேயே சம்பளம் வேண்டாம் என்றவர். பணம் வேண்டும் என்று மனிதரிடம் கேட்காமல் ஜெபத்தில் மட்டும் கேட்டு நடத்தினார். அவ்வளவு தூரம் போவானேன், நம் திருநெல்வேலி டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951இல் இறக்கும்வரை அப்படித்தான் அடைக்கலம் வந்த பிள்ளைகள் நிறைந்த அந்தப் பெரிய குடும்பத்தை நடத்தினார். சின்ன வயதில் டோனாவூருக்குப் போனபோது அவர் கல்லறையைத் தேடினேன். கல்லறைக் கல் எதுவும் இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டிதான் இருந்தது. அந்த விசுவாசத்தின் முன் தலை குனிகிறேன்.

ஆனால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் முழுசாகப் பார்க்க வேண்டும். அம்மையாருக்குச் சொந்த வீட்டுக்கென்று கடன் இல்லை. ஒருவர் இறந்தால் பிள்ளைகளை வளர்க்க அங்கே ஒரு குடும்பமே இருந்தது. அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களும் ஆயுள் காப்பீட்டை ஒதுக்குகிறவர்கள்தான். அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டமே வேண்டாம் என்றார்கள், 1965இல் சட்டம் அவர்களுக்கு விலக்கும் கொடுத்தது. அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: தங்கள் முதியோரையும் ஆதரவற்றோரையும் அந்தச் சமூகமே பார்த்துக்கொண்டு வர வேண்டும். அவர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் தானியக் களஞ்சியம் எரிந்தால் ஊரே திரண்டு கட்டிக்கொடுக்கிறது. காப்பீடு வேண்டாம் என்பது அவர்கள் வாழ்க்கை முறையில் ஒரு பங்கு. மீதிப் பங்குகளை விட்டுவிட்டு அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம். தம்பி 28 லட்சத்துக்கு வங்கிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், மனைவியையும் கூடக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறான். இருபது வருஷம் சம்பளம் வரும் என்று நம்பித்தானே அது? நாளையை நம்பிக் கடன் வாங்கலாம், நாளைக்கென்று ஏற்பாடு செய்தால் மட்டும் விசுவாசக் குறைச்சல் என்றால் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கடன் இல்லாதவர், தன்னை நம்பி யாரும் இல்லாதவர், பிள்ளைகள் தலையெடுத்துவிட்டவர், பென்ஷனும் குடும்ப பென்ஷனும் உள்ளவர். அவர்களுக்குப் பாலிசி தேவையே இல்லை, அதற்கு வசனமும் தேவையில்லை. தம்பிக்கு இது பொருந்தாது.

இரண்டாவது வழி, சபையே தாங்குவது. என் மனசுக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வேதத்துக்கு நேராக ஒத்துப்போகிற ஏற்பாடும் இதுவே. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் விதவைகளுக்கு அன்றாட விசாரணை, அதாவது உதவி, நடக்கிறது, தீமோத்தேயு நிருபத்தில் விதவைகளுக்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் 1740களில் அலெக்சாண்டர் வெப்ஸ்டர், ராபர்ட் வாலஸ் என்று இரண்டு பிரஸ்பிட்டேரியன் போதகர்கள் இருந்தார்கள். போதகர் இறந்தால் மனைவி பிள்ளைகளுக்குக் குருமனையும் போய்விடும், சம்பளமும் நின்றுவிடும். இவர்கள் அதற்காக ஒரு நிதி தொடங்க நினைத்தார்கள். ஜெபம் பண்ணினார்கள், கூடவே கணக்கும் போட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழகக் கணித மேதை காலின் மெக்லாரினைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த நேரத்திலும் ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 930 போதகர்கள் இருப்பார்கள், வருடத்துக்குச் சராசரியாக 27 பேர் இறப்பார்கள், அதில் 18 பேருக்கு மனைவி உயிரோடு இருப்பாள் என்று கண்டுபிடித்தார்கள். எந்தப் போதகர் இறப்பார் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். எத்தனை பேர் இறப்பார்கள் என்பதைச் சபைப் பதிவேடுகளைக் கொண்டு மனிதரே சொல்ல முடிந்தது. 1744இல் பாராளுமன்றச் சட்டத்தோடு நிதி தொடங்கியது. கட்டும் சந்தாவுக்கு ஏற்ப, விதவைக்கு வருடம் 10 பவுண்டில் இருந்து 25 பவுண்டு வரை. 1765இல் நிதியில் 58,348 பவுண்டு இருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். அந்த வருடம் வந்தபோது இருந்தது 58,347. ஒரு பவுண்டுதான் வித்தியாசம்.

நாட்களை எண்ணும் அறிவு என்று சங்கீதம் சொல்வதை அந்தப் போதகர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் மட்டும் இல்லை. பிலடெல்பியாவில் பிரஸ்பிட்டேரியன் போதகர்களின் விதவைகளுக்கான நிதி 1759இல் அமைப்பானது. 1832இல் இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிரண்ட்ஸ் பிராவிடன்ட் என்ற காப்பீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1882இல் அமெரிக்காவில் மைக்கேல் மெக்கிவ்னி என்ற கத்தோலிக்கக் குருவானவர், தொழிலாளி வீடுகளில் அப்பா இறந்ததும் குடும்பம் சிதறுவதைக் கண்டு நைட்ஸ் ஆப் கொலம்பஸ் சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். ஆயுள் காப்பீட்டைத் தொடக்கத்தில் தூக்கி வளர்த்தவர்களில் பல பேர் அங்கி போட்டவர்கள். இது தெரிந்தபின் "காப்பீடு உலகத்தாருடையது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் நம் சபையில் சேர்ந்து செய்தால் போதாதா என்று தம்பி கேட்டான். எங்கள் சபையில் மரண உதவி நிதி இருக்கிறது. நானும் சில வருஷம் அதன் கணக்கைப் பார்த்தேன். இருநூறு சொச்சம் குடும்பங்கள், ஒரு சாவு விழுந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து, அடக்கத்துக்கு முன்பே துக்க வீட்டில் கொடுத்துவிடுவோம். பெட்டி, வேன், குழி வெட்டுகிறவர் கூலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அதில் நடந்துவிடும். 2021 மே மாதம் ஒரே மாதத்தில் நாலு அடக்கம். மூன்றாவதற்கே பணம் தீர்ந்துவிட்டது. நாலாவது வீட்டுக்கு மூன்று பேர் கைக்காசைப் போட்டு ஒரு கவரில் வைத்துக் கொண்டுபோனோம். அந்தக் கவரை வாங்கின அக்கா அதைப் பிரிக்காமல் வேதப்புத்தகத்துக்குள் வைத்தார்கள். பக்கத்தில் இன்னொரு கவர் இருந்தது, வீட்டுக்கடன் வங்கியில் இருந்து வந்தது. அந்த வீட்டுக்காரருக்கு 41 வயது. ஜெபக்கூட்டத்தை ஒருநாள் தவறவிடாத மனுஷன்.

ஸ்காட்லாந்து நிதி நிலைத்து நின்றதற்குக் காரணம் 930 பேர். இருநூறு குடும்பங்களில் ஒரு வருஷம் ஒரு சாவும் இருக்காது, இன்னொரு வருஷம் எட்டு விழும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் சராசரி நிலைக்கும். சபை நிதியால் அடக்கச் செலவைத் தாங்க முடியும், மூன்று மாத வீட்டுச் செலவைத் தாங்க முடியும், 28 லட்சத்தைத் தாங்க முடியாது. பவுலும் தீமோத்தேயு நிருபத்தில், விசுவாசிகள் தங்கள் வீட்டு விதவைகளைத் தாங்களே தாங்கட்டும், அந்தப் பாரம் சபையின்மேல் வரவேண்டாம், உண்மையிலேயே யாரும் இல்லாதவர்களைச் சபை பார்க்கட்டும் என்கிறார் (1 தீமோத்தேயு 5:16). முடிகிறவர்கள் தங்கள் ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொண்டால் சபைப் பணம் முடியாதவர்களுக்கு மிஞ்சும். தம்பியிடம் சபை நிதிக்குச் சந்தாவைத் தவறாமல் கட்டச் சொன்னேன், அதை நம்பி மட்டும் இருந்துவிடாதே என்றும் சொன்னேன்.

மூன்றாவது, நம் வீடுகளில் இன்சூரன்ஸ் என்றாலே நினைவுக்கு வருவது: எண்டோவ்மென்ட், மணிபேக் வகை. கட்டின பணம் போனஸோடு கடைசியில் திரும்பி வரும், இடையில் இறந்தால் காப்புத் தொகை வரும். ஏஜெண்ட் பெரும்பாலும் நம் சபைக்காரராகவே இருப்பார், சொல்லை மறுக்க முடியாது. தம்பியும் 27 வயதில் அப்படி ஒன்றைப் போட்டிருக்கிறான். ஐந்து லட்சத்துக்கு, வருடம் 26,000 பிரீமியம். ஏழு வருடத்தில் 1,82,000 கட்டிவிட்டான். இன்றைக்கு அவனுக்கு ஏதாவது ஆனால் போனஸ் சேர்த்து ஆறு, ஆறரை லட்சம் வரும். வீட்டுக்கடனில் கால்வாசிகூடத் தேறாது.

வேதத்தோடு வைத்துப் பார்த்தால் எனக்கு உறுத்துவது இந்த வகைதான். இது பெரும்பாலும் சேமிப்பு, காப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. "மெச்சூரிட்டியில் இவ்வளவு வரும், உங்கள் கடைசிக் காலத்துக்குக் கவலையே இல்லை" என்று சொல்லி விற்கிறார்கள். லூக்கா 12இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போன ஐசுவரியவான் தன் ஆத்துமாவிடம் பேசியதும் ஏறக்குறைய இதுவே. சேமிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று நீதிமொழிகளே சொல்கிறது, யோசேப்பு ஏழு வருஷம் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். கையில் காசு நிற்காதவர்களுக்கு இந்தக் கட்டாயச் சேமிப்பால் நன்மையும் உண்டு, அதில் பிள்ளையைக் காலேஜ் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் "குடும்பத்துக்காகப் போட்டிருக்கிறேன்" என்ற நிம்மதியை இது கொடுத்துவிடுகிறது, குடும்பத்துக்குத் தேவையானதைக் கொடுப்பதில்லை. அது ஆபத்தான நிம்மதி.

தம்பி அதை நிறுத்தலாமா என்றான். இப்போது சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியில் முடித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டால், கையைக் கடிக்கும். கட்டமுடிந்தால் தொடரட்டும், முடியாவிட்டால் பெய்ட்-அப் ஆக்கிவிடலாம், அதாவது இனி பிரீமியம் கட்டாமல், குறைந்த காப்போடு பாலிசியை அப்படியே விட்டுவைக்கலாம். புதிதாக இன்னொன்று மட்டும் வேண்டாம்.

நாலாவது டேர்ம் பாலிசி. குறிப்பிட்ட வருஷத்துக்குள் இறந்தால் பணம், உயிரோடு இருந்தால் ஒரு பைசா திரும்ப வராது. "செத்தாத்தான் காசு, இல்லன்னா அவ்வளவும் தண்டமா?" என்று தம்பி கேட்டான். எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கோ இதுவே இதன் பெரிய நல்ல குணமாகத் தெரிகிறது. நான் உயிரோடு இருந்தால் என் பிரீமியம் என்ன ஆகிறது? அதே கம்பெனியில் பாலிசி போட்டு இந்த வருஷம் இறந்துபோன யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறது. நிர்வாகச் செலவும் கம்பெனி லாபமும் போகத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் உள்ளே நடப்பது ஸ்காட்லாந்துப் போதகர்கள் செய்த அதே காரியம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து என்று கலாத்தியர் 6:2 சொல்வதை, முகம் தெரியாத ஜனங்கள் சேர்ந்து பண உருவில் செய்கிறோம். எனக்கென்று இதில் எதுவும் வருவதில்லை, அதனால் களஞ்சியம் கட்டும் சோதனையும் இல்லை.

கணக்கு இப்படி. 35 வயதை ஒட்டிய, புகைபிடிக்காத ஒருவருக்கு 60 வயது வரை ஒரு கோடிக்கு எடுத்தால் வருடம் பன்னிரண்டில் இருந்து பதினைந்தாயிரம் ரூபாய் ஆகும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2025 செப்டம்பர் 22இல் இருந்து தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. அதே பணத்துக்கு எண்டோவ்மென்டில் இரண்டரை, மூன்று லட்சம் காப்புதான் கிடைக்கும். ஒரு கோடி எதற்கு? எலிசா சொன்ன வரிசையில் பார்ப்போம். முதலில் கடன் 28 லட்சம் தீரட்டும். மீதி 72 லட்சத்தை 6 சதவீத வட்டியில் போட்டால் மாதம் 36,000 ரூபாய். பணக்கார வாழ்க்கை இல்லை, ஆனால் மகள் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பாள், வீடு கையை விட்டுப் போகாது.

கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றான். வேலையை விட்ட அன்றைக்கு அதுவும் போய்விடும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதில் விசுவாசிக்கு உண்மையான சோதனை விண்ணப்பப் படிவத்தில்தான் வருகிறது. சர்க்கரை இருக்கிறதா, புகை, மது உண்டா, அப்பா அம்மாவுக்கு என்ன வியாதி என்று கேட்பார்கள். "இல்லைன்னு போட்டுருங்க, யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. தம்பிக்கு ஆரம்பநிலை ரத்த அழுத்தம் இருக்கிறது, சித்தப்பா மாரடைப்பில் போனவர். இரண்டையும் எழுதச் சொன்னேன். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை அந்தக் கட்டங்களுக்கும் சேர்த்துத்தான். பாலிசி தொடங்கி மூன்று வருடத்துக்குள் இறப்பு வந்தால் கம்பெனி துருவிப் பார்க்கும், மறைத்தது தெரிந்தால் பணத்தை மறுக்கலாம். மூன்று வருடம் தாண்டிவிட்டால் இன்சூரன்ஸ் சட்டம் 45ஆம் பிரிவுப்படி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதை நம்பிப் பொய் எழுதுகிறவன் மனசாட்சிக்கு என்ன பதில் சொல்வான்?

இவ்வளவு பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்குப் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா இருக்கிறது. 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், வருடம் 436 ரூபாய், இரண்டு லட்சம் காப்பு, வங்கிக் கணக்கில் இருந்தே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஆலயத்தில் மணி அடித்து, பெருக்கித் துடைக்கும் அண்ணனுக்கும் இன்னும் பதினொரு பேருக்கும் போன வருஷம் சபைப் பணத்தில் இதைப் போட்டுக்கொடுத்தோம். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து 5,232 ரூபாய். ஒரு அசன விருந்தில் இலைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஆகிற செலவு. ஒவ்வொரு சபையும் இதைச் செய்யலாம் என்பது என் ஆசை.

காணிக்கையைக் குறைத்துப் பிரீமியம் கட்டலாமா என்றும் தம்பி கேட்டான். தசமபாகமாக மாதம் 4,500 கொடுக்கிறான், பிரீமியத்துக்கு மாதம் ஆயிரத்து சொச்சம் வேண்டும். காணிக்கையில் கை வைக்க வேண்டாம், எண்டோவ்மென்டைப் பெய்ட்-அப் ஆக்கினாலே மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் மிஞ்சும் என்றேன். ஆனால் வேறு வழியே இல்லாத ஒருவர் கேட்டால் மாற்கு 7இல் வரும் கொர்பானை வாசிக்கச் சொல்வேன். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி அப்பா அம்மாவைக் கைவிட்டவர்களை ஆண்டவர் என்ன சொன்னார் என்று அங்கே இருக்கிறது.

மனைவிக்கு மனம் ஒப்பாமல் எடுக்காதே என்றும் சொல்லியிருந்தேன். "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று ரோமர் 14 சொல்வது வீட்டுக்குள்ளும் பொருந்தும். நான் எழுதியதை இரண்டு பேரும் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து அவளே போன் செய்தாள். "அத்தான், அந்த எண்ணெய்க் குடம் விதவையை இத்தனை வருஷம் அற்புதமாத்தான் பாத்தேன். அவ புருஷன யோசிச்சதே இல்ல" என்றாள். அப்புறம் நேராக, "கடன்காரங்க இந்தப் பணத்தையும் எடுத்துக்கிட்டா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுக்கலாம். அப்போது அந்தப் பணம் மனைவி பிள்ளைகளுக்கான டிரஸ்ட் ஆகிவிடும், கணவனுடைய கடன்காரர்கள் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பின்னால் சேர்க்க முடியாது. இதைப் பல ஏஜெண்டுகள் சொல்வதே இல்லை.

அந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான் தம்பி மறுபடி கூப்பிட்டான். மனைவிக்கு 50, பிள்ளைகளுக்கு 25, 25 என்று எழுதிவிட்டான். "அண்ணே, இதுல அம்மா பேரச் சேக்க எடமே இல்லயே?"

இல்லைதான். அந்தச் சட்டத்தில் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமே பயனாளிகளாக இருக்க முடியும். சிலுவையில் தொங்கும்போது ஆண்டவர் தம் தாயைப் பார்த்து, பக்கத்தில் நின்ற சீஷனிடம் "அதோ, உன் தாய்" என்று ஒப்படைத்ததை நான் நினைத்தேன், அவனும் நினைத்திருப்பான். சரல் ஜீவன் பீமா என்று 2021இல் கம்பெனிகள் ஒரே மாதிரி விதிகளோடு விற்கத் தொடங்கிய எளிய டேர்ம் பாலிசி ஒன்று உண்டு, ஐந்து லட்சத்தில் இருந்து எடுக்கலாம். முதல் 45 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் காப்பு. அதில் 15 லட்சத்துக்குத் தனியாக ஒன்று எடுத்து, சித்தியை நாமினியாகப் போடச் சொன்னேன். வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறான். சித்திக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரிந்தால் அழுவார் என்று மருமகள்தான் மறைத்து வைத்திருக்கிறாள்.